ஆபரேஷனுக்கு முன்னால் பால்கோவாவா? உஷார்!

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி வார்டு. விடிந்தால் ஆபரேஷன். “பாவம், பட்டினியா கிடக்காரே” என்று ஸ்ரீவில்லிபுத்தூர் சொந்தக்காரர் ஒரு விள்ளல் பால்கோவாவை வாயில் வைத்து விடுவார். பாசம்தான். ஆனால் ஆபத்து!

மயக்க மருந்து ஏறினால் இருமல் அடங்கிவிடும். வயிற்றில் கிடப்பது மேலேறி மூச்சுக் குழாயில் இறங்கலாம். நியூயார்க் டாக்டர் மெண்டல்சன் 1946-ல் வெளியிட்ட ஆய்வில், 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு இப்படி நேர்ந்தது. 2 பேர் மூச்சடைத்து மாண்டார்கள்.

லேசான சாப்பாடு, பால் என்றால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். பால்கோவா போன்ற கொழுப்புப் பண்டத்துக்கு 8 மணி நேரம். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்புவரை பெரும்பாலோர் குடிக்கலாம், டாக்டரைக் கேட்டுக்கொண்டு!

தின்று தொலைத்துவிட்டால்? திட்டுவாரே என்று மறைக்க வேண்டாம். மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.