உலாவியைத் தாண்டிய ஜாவாஸ்கிரிப்ட்

இணையப் பக்கங்களுக்கு உயிரூட்ட 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய கணினி மொழி ஜாவாஸ்கிரிப்ட். நெடுங்காலம் உலாவிக்குள்ளேயே அதிகம் புழங்கிய அந்த மொழியை, 2009இல் ரயன் டால் 'நோட்.ஜேஎஸ்' வழியாக சர்வருக்குக் கொண்டுவந்தார். கூகுள் குரோமின் வி8 என்ஜின்தான் அதன் அடித்தளம்.

இதனால் கிடைத்த முதல் பலன், திரையில் தெரியும் பக்கத்தையும் பின்னால் இயங்கும் சர்வரையும் ஒரே மொழியில் எழுதலாம் என்பது. அடுத்தது, காத்திருப்பு மிச்சம். ஆர்டரை அடுப்படியில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போகும் ஓட்டல் பணியாளர்போல, தரவுத்தளம் பதில் தருவதற்குள் நோட்.ஜேஎஸ் அடுத்த கோரிக்கையைக் கவனித்துவிடும்.

குறைகளும் கூடவே வந்தன. நீண்ட கணக்கீடு ஒன்று நடந்தால் மற்ற கோரிக்கைகள் தேங்கிவிடும். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். இத்தகைய தசமப் பிழை வேறு பல மொழிகளிலும் உண்டு என்றாலும், சர்வரில் பணக்கணக்கு எழுதுவோர் கவனமாக இருக்க வேண்டும். பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளை அளவுக்கு மீறி நம்புவதும் ஆபத்து. 2016இல் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரித் தொகுப்பு நீக்கப்பட்டதும், அதைச் சார்ந்த ஏராளமான மென்பொருள்களை உருவாக்கும் பணி தடைபட்டது.

அரட்டைச் செயலி, இணையச் சேவை போன்றவற்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட் பொருத்தமானது. கனமான கணக்கீடுகளுக்கு வேறு மொழியை நாடுவதே நல்லது.