நட்சத்திர வெளிச்சத்தில் பறக்கும் தச்சுத் தேனீ

ஒரு தேனீயின் அறிவியல் பெயரில் தரங்கம்பாடி ஒளிந்திருக்கிறது. சைலோகோபா ட்ராங்குபாரிகா. டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1804இல் இந்த இனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம்; அவர்கள் வாயில் அது ட்ராங்குபார். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய தேனீயின் உண்மையான விசேஷம் தெரியவர இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அது பகலில் கூட்டில் கிடந்து, இரவில் வேலைக்குக் கிளம்பும் தேனீ.

ஊர்ப்புறத்தில் மூங்கில் கழியிலும் வீட்டு உத்தரத்திலும் வட்டமாகத் துளை போட்டு, கீழே மரத்தூளைக் கொட்டி வைக்கும் பெரிய கருவண்டைப் பார்க்காதவர் குறைவு. வண்டு என்று சொன்னாலும் அது தேனீ இனம்தான்; தச்சுத் தேனீ என்று பெயர். உலகில் இவை அடங்கிய சைலோகோபா பேரினத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவை கரையானைப் போல மரத்தைத் தின்பதில்லை. பெண் தன் தாடையால் மரத்தைச் செதுக்கிச் சுரங்கம் அமைக்கும். மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டையாக்கி வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இடும். செதுக்கிய தூளையே குழைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பி, அடுத்த அறைக்குப் போகும்.

தேனடை கட்டும் தேனீக்களின் ராணி ஒரே நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடக்கூடியவள். தச்சுத் தேனீயின் கூட்டிலோ அறைகள் பெரும்பாலும் பத்தைத் தாண்டுவதில்லை. அதற்கு ஈடாக முட்டை பெரிது. சில இனங்களில் அதன் நீளம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுகிறது; பூச்சி உலகிலேயே மிகப் பெரிய முட்டைகளில் இதுவும் ஒன்று.

கூட்டருகே போனால் முகத்துக்கு நேரே வந்து ரீங்கரித்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கு உள்ள பெண்ணோ பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அரிது. பயந்து ஓடுகிறவர்களிடம் இதைச் சொல்லி நிற்கவைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

இரவுக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதன், ரெனீ போர்ஜஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மூன்று தச்சுத் தேனீ இனங்களை ஒப்பிட்டார்கள். ஒன்று பகலில் மட்டும் பறப்பது. இன்னொன்று பகல்காரிதான், ஆனால் அந்தியிலும் நிலவு காயும் இரவிலும் வெளியே வரும். மூன்றாவதான ட்ராங்குபாரிகா நிலவே இல்லாத இரவிலும் பறந்தது.

இதில் வியப்பு எங்கே? அந்துப்பூச்சிகளின் கூட்டுக்கண்ணில் பல நூறு வில்லைகள் பிடிக்கும் ஒளி ஒரே இடத்தில் குவியும். இருட்டுக்கு ஏற்ற அமைப்பு அது. தேனீக் கண்ணில் ஒவ்வொரு வில்லையும் தனக்குக் கீழே உள்ள உணர்செல்களுக்கு மட்டுமே ஒளி தரும். பகலுக்காக உருவான கண். ட்ராங்குபாரிகா அந்த அமைப்பை மாற்றவில்லை, இருந்ததையே பெரிதாக்கிக்கொண்டது. வில்லைகள் பெரியவை, ஒளி வாங்கும் பகுதி அகலம், உச்சந்தலையில் உள்ள மூன்று தனிக்கண்களும் பெருத்தவை.

கூட்டு வாசலில் வண்ண அட்டைகளை வைத்துப் பழக்கி, பிறகு இடம் மாற்றிப் பார்த்தார்கள். நட்சத்திர வெளிச்சத்திலும் தேனீ தன் வண்ணத்தைத் தேடி வந்தது. அந்த வெளிச்சத்தில் மனிதருக்கு எல்லாமே சாம்பல்தான். 2008இல் இந்த முடிவு வெளியானது.

பகலில் பூவுக்குப் போட்டி அதிகம்; இரவில் மலரும் பூக்களுக்கோ வரும் தேனீக்கள் மிகக் குறைவு. பரிணாமம் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பெரிய உடலும் உதவியது: பறக்கும் தசைகளை அதிரவைத்துத் தானே சூடேற்றிக்கொள்ளும் இப்பூச்சியைக் குளிர்ந்த இரவு முடக்கிவிடாது.

தனியாக வாழ்பவை என்று இவற்றைச் சொல்வது வழக்கம். அது முக்கால் உண்மை. பல இனங்களில் தாயும் வளர்ந்த பிள்ளைகளும் சில வாரங்கள் ஒரே கூட்டில் இருக்கும். தாய் கொண்டுவரும் உணவில் பங்கு உண்டு. சில கூடுகளில் இரண்டு பெண்கள்: ஒன்று இரை தேடப் போக, மற்றது வாசலில் காவல். புதிதாக மரம் குடைவது அத்தனை கடினமான வேலை என்பதால், காவலிருந்து அந்தக் கூட்டையே பிற்பாடு கைப்பற்றுவது லாபமான பேரம். இத்தகைய அரைகுறைக் கூட்டுக் குடித்தனங்களால்தான், தேனீக்களில் சமூக வாழ்வு எப்படித் தோன்றியது என்று ஆராய்வோர் இந்தப் பேரினத்தைக் கவனிக்கிறார்கள்.

விவசாயிக்கு இவற்றால் நேரடி ஆதாயம் உண்டு. கத்திரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே திறக்கும். தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்க, மகரந்தம் உதிர்கிறது. தேனடைத் தேனீக்கு இந்த வித்தை வராது. எருக்கம் பூவுக்கும் இவையே முக்கிய மகரந்தச் சேர்க்கையாளர்கள். பிரேசிலின் பேஷன் ஃப்ரூட் தோட்டங்களில் தச்சுத் தேனீ குறைந்தால், கூலிக்கு ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தடவ வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாப் பூவிடமும் இவை நேர்மையாக நடப்பதில்லை. குழல் நீண்ட பூவென்றால், வெளிப்புறத்தில் அடியிலேயே கீறித் தேனை உறிஞ்சிவிட்டு, மகரந்தத்தைத் தொடாமல் போய்விடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ப்ளூபெர்ரித் தோட்டங்களில், அவை போட்ட கீறல் வழியாகவே தேனடைத் தேனீக்களும் தேன் குடிக்கப் பழகிவிட்டன.