வேண்டாத ஆமைக்கு ஒரு வீடு



பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். சந்தைக்குப் போன இடத்தில் சிறிய பச்சை ஆமை ஒன்றை வாங்கிக் கொடுக்கிறோம். நாணயத்தைவிடச் சற்றே பெரிய உடல். கன்னத்தில் சிவப்புக் கோடு. கண்ணாடிக் கிண்ணத்தில் அது நீந்துவதைக் கண்டு வீடே மகிழ்கிறது. சில ஆண்டுகளில் அதே ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிடுகிறது. தண்ணீர் நாறுகிறது, பிள்ளைகளின் ஆசையும் தீர்ந்துவிடுகிறது. “பாவம், ஆற்றில் விட்டுவிடுவோம்” என்கிறோம்.

இது இரக்கம்தானா என்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

இந்தச் செங்கன்ன ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. நன்றாகப் பராமரித்தால் 30 ஆண்டுகள்கூட வாழும். நம் ஆற்றில் விட்டால், நம் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது. பினாங்கு கெக் லோக் சி கோயிலில் ஆமைகளுக்கென்றே குளம் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். புண்ணியம் கருதி உயிர்களை விடுவிப்பது பழைய வழக்கம். ஆனால் எந்த உயிரை எங்கே விடுகிறோம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. கூண்டிலேயே வளர்ந்த கிளிக்குக் காட்டில் இரை தேடத் தெரியாமல் போகலாம். அதைத் திறந்துவிடுவது பட்டினிக்கு அனுப்புவதாகவே முடியலாம்.

அப்படியானால் எங்கே கொடுப்பது? இதற்காகத்தான் காப்பகங்கள் தேவைப்படுகின்றன. காஜாங்கைத் தாண்டியுள்ள செமினி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று புதிய வீடுகள் எழும்பியிருக்கின்றன. வீடுகள் பெருகினால் வளர்ப்புப் பிராணிகளும் பெருகும், கைவிடப்படுபவையும் பெருகும். அங்கே தொண்டர்களைக் கொண்டு ஒரு காப்பகம் நடத்த என்ன வேண்டும்?

முதலாவது, சட்டம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பல பிராணிகளை வைத்திருக்க பெர்ஹிலித்தான் துறையின் அனுமதி வேண்டும். தேவாங்கு போன்றவை முழுப் பாதுகாப்புப் பெற்றவை. எதை ஏற்கலாம், எதைத் துறையிடமே ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு அறிய வேண்டும்.

இரண்டாவது, தனிமை. புதிதாக வரும் பிராணியைக் குறைந்தது 30 நாட்கள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவக் கூடாதல்லவா? கூண்டு கழுவும்போதும் நலமானவற்றை முதலிலும் நோயுற்றவற்றைக் கடைசியிலும் கழுவ வேண்டும்.

மூன்றாவது, கை சுத்தம். ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். பார்வைக்கு அது நலமாகவே தோன்றும். குழந்தைகள் நோயுற்றதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. ஆமையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

நான்காவது, உணவும் செலவும். ஓர் ஆமைக்கு நாளுக்கு ஒரு வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும், 30 ஆண்டுகளுக்கு 10,950 வெள்ளி ஆகிறது. மருத்துவச் செலவு வேறு. பசாரில் விற்காமல் மிஞ்சும் நல்ல கங்கோங் கீரையைக் கேட்டு வாங்கினால் சிறிது மிச்சமாகும். அழுகியதைப் போடக் கூடாது. 1963இல் திறக்கப்பட்ட நமது தேசிய மிருகக்காட்சிச் சாலையை ஒரு சங்கமே நடத்துகிறது. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் அதன் கதவு மூடப்பட்டது. நுழைவுக் கட்டணம் நின்றது. ஆனால் விலங்குகளின் பசி நிற்கவில்லை. பொதுமக்களின் நன்கொடை அப்போது கைகொடுத்தது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், சிறிய காப்பகம் சில மாதச் செலவையாவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, தொண்டர்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் வராவிட்டால் அந்த நிரை வெட்டப்படாமல் நிற்கும். காப்பகத்திலும் அப்படித்தான். விழா நாளில் ஐம்பது பேர் திரண்டு வருவதைவிட, வாரம் ஒரு நாள் தவறாமல் வரும் ஏழு பேர் மேல். கழுவுவது, கீரை நறுக்குவது, எடை பார்த்து ஏட்டில் எழுதுவது ஆகியவையே அவர்களது பணி. பிராணியைத் தூக்கிக் கொஞ்சிப் படம் எடுப்பது அந்தப் பணியில் சேராது.

ஆறாவது, எல்லை. இருக்கும் இடத்துக்கும் ஆளுக்கும் மேலாக ஏற்றுக்கொண்டால், காப்பகமே துன்பக் கூடமாகிவிடும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்க வேண்டும். “இனி இடமில்லை” என்று சொல்லவும் துணிவு வேண்டும்.

நேயர்களே, அந்தச் சொல்லைக் கேட்கும் நிலை நமக்கு வராமலிருக்க ஒரே வழி, வாங்குமுன் கேட்பதுதான். இது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்? பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபின் யார் தண்ணீர் மாற்றுவது? முன்பே வாங்கிவிட்டவர்கள் ஆற்றங்கரைக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே பெரிய தொட்டியும், ஏறி வெயில் காய ஒரு கல்லும், ஒதுங்க நிழலும் அமைத்துக் கொடுங்கள். அந்த ஆமைக்கு அதைவிட நல்ல காப்பகம் வேறில்லை.