முதுகுக்குள் எத்தனை பாயிண்ட்?

விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மணிலா (மல்லாட்டை, நிலக்கடலை) சீசன் களைகட்டும்போது லாரிக்கு மூட்டை ஏற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு மூட்டை 80 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் சாக்கின் காதையும் அடியையும் பிடித்து ஒரே மூச்சில் தூக்குகிறார்கள். மூன்றாமவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, மூட்டைக்கு அடியில் புகுகிறார். மூட்டை அவருடைய பிடரிக்கும் மேல்முதுகுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. பலகை ஏறி, உள்ளே இறக்கிவிட்டு, அடுத்த மூட்டைக்கு வந்துவிடுகிறார்.

சுமக்கும் ஆள் தரையிலிருந்து எதையும் தூக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதுகெலும்புக்கு மிக ஆபத்தானவை தரையிலிருந்து மேலே எழும்பும் முதல் இரண்டு அடி உயரம்தான். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராமல் நம் சுமைதூக்கும் தொழிலாளர்கள் அதைக் கண்டுபிடித்து, வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு அடி உயரத்தின் பாரம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. தூக்கிவிடும் இருவரின் இடுப்பில் அது இறங்குகிறது.

அங்கே, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருப்பது இடைத்தட்டு, டாக்டர்கள் ‘டிஸ்க்’ என்று சொல்வது. முதுகெலும்பில் மொத்தம் 23 உண்டு. நடுவில் கொழகொழப்பான கூழ். இளவயதில் அதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தண்ணீர். சுற்றிலும் பதினைந்து முதல் இருபத்தைந்து அடுக்கு நார் வளையங்கள். ஓர் அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி அடுக்குகளாவது இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. குனிந்துகொண்டே திரும்பினால் மற்றப் பாதி தளர்ந்துவிடுகிறது. குனிந்து, திரும்பி, தூக்குவது மூன்றும் சேரும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கூழுக்குள் அழுத்தம் எவ்வளவு? ஜெர்மனியைச் சேர்ந்த வில்கே குழுவினர் இதை நேரடியாகவே அளந்தார்கள். 45 வயது, 70 கிலோ எடையுள்ள ஒருவர் முன்வந்தார். அவருடைய கீழ்முதுகு இடைத்தட்டு ஒன்றுக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள உணர்கருவியைச் செலுத்தி, ஒரு நாள் முழுக்கக் கணக்கெடுத்து, 1999-ல் வெளியிட்டார்கள். அவர்கள் தந்த எண்களை நம் பஞ்சர் கடைப் பேச்சுக்கு மாற்றிப் பார்ப்போம். காருக்கு 32 பாயிண்ட் காற்று வைப்போம், இல்லையா? படுத்திருக்கும்போது இடைத்தட்டில் ஏறக்குறைய 15 பாயிண்ட். நிமிர்ந்து நின்றால் 72. வெறுமனே முன்னால் குனிந்தாலே 160. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது 330-ஐத் தாண்டிவிடுகிறது, கார் டயரைப் போல் பத்து மடங்கு. அதே 20 கிலோவை முழங்காலை மடக்கித் தூக்கினால் 250-க்கு இறங்குகிறது. நின்றபடி உடம்போடு அணைத்துப் பிடித்தால் 160 தான்.

எடை மாறவே இல்லை. மாறியது தூரம். முதுகுத் தசைகள் இடைத்தட்டின் மையத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. கையிலிருக்கும் பாரமோ அரை மீட்டர் முன்னால் இருக்கலாம். நெம்புகோல் கணக்குப்படி, 20 கிலோவைச் சமன்செய்ய அந்தத் தசைகள் 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் மேலுடம்பின் எடை தனி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த சூத்திரம் இதையே சொல்கிறது. எல்லாம் சரியாக அமைந்தால் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ. பாரம் கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குப் பதிலாக 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அது பாதியாகிவிடும். அதோடு தரையிலிருந்தும் எடுக்க வேண்டுமென்றால் 9 கிலோவுக்கும் கீழே.

அப்படியென்றால் பாரத்தை முதுகெலும்பின் நேர்மேலேயே வைத்துவிட்டால்? தலைச்சுமை அதைத்தான் செய்கிறது. கென்யாவின் லுவோ, கிகுயு பெண்களை ஆராய்ந்தவர்கள் 1986-ல் ஒரு வியப்பான செய்தி சொன்னார்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடந்தாலும் அவர்களுக்குக் கூடுதல் சக்தி செலவாகவில்லை. அதற்குமேல் போனால் செலவு ஏறுகிறது. கழுத்தின் ஏழு சின்ன எலும்புகளும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் தனியாக நடக்கும் ஒருவர் தலைச்சுமையை இறக்குவது எப்படி, மறுபடி ஏற்றுவது எப்படி? நம் முன்னோர் பாதையோரங்களில் நட்டுவைத்த சுமைதாங்கிக் கல் இதற்கான விடை. நட்ட இரண்டு கற்கள், குறுக்கே ஒரு பலகைக்கல். உயரம் ஏறக்குறைய தோளளவு. சுமையைத் தரைவரை இறக்க வேண்டாம், தரையிலிருந்து எடுக்கவும் வேண்டாம். அப்படியே தள்ளி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம், பிறகு தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நடும் வழக்கம் இருந்தது. முதுகைக் காக்க இவ்வளவு எளிய, இவ்வளவு சரியான அமைப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாரமே இல்லாமலும் முதுகு வலிக்கும். திண்டிவனம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டும் பெண்களிடம் கேளுங்கள். கையில் இருப்பது சின்னக் களைக்கொத்து. அதன் எடை ஒரு பொருட்டே அல்ல. முழுக்கக் குனிந்ததும் முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. 1950-களில் ஃபிளாய்டு, சில்வர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தசைகளின் மின்துடிப்பைப் பதிவுசெய்து இதைக் காட்டினார்கள். உடம்பு அப்போது எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார்களில்தான் தொங்குகிறது. இருபது நிமிடம் அப்படியே இருந்தால் அவை இழுபட்டு நீண்டுவிடும். நிமிர்ந்து நின்ற முதல் இரண்டு நிமிடத்தில் பாதியளவு மீளும். மீதி மீள அரை மணி நேரம் கூடப் போதாது. அதனால் வரப்போரம் வந்ததும் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்ணைப் பார்த்து யாரும் முணுமுணுக்க வேண்டாம். நியாயமான மருத்துவம் அது.

கலிஃபோர்னியாவில் 1975-ல் குட்டைப்பிடி மண்வெட்டியையே பண்ணைகளில் தடைசெய்தார்கள். இங்கே நின்றபடி தள்ளும் நீண்ட பிடிக் களைக்கருவிகளைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்திருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் திண்டிவனம் எண்ணெய் வித்து நிலையம் தந்த டி.எம்.வி. மல்லாட்டை ரகங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்துவிட்டன. கருவியும் அதே போல வந்து சேர வேண்டும்.

கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை இல்லை! அது முன்கையில் இருக்கிறது. நீண்ட நாண்கள் மணிக்கட்டு வழியே விரல்நுனி வரை ஓடுகின்றன. மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், பிடி நிற்காது. மணிக்கட்டு கோணினால் அதே பிடிக்கு முன்கை கூடுதலாக உழைக்கிறது. சாக்கை விரலால் கிள்ளித் தூக்குவதைவிடக் கொக்கி போட்டு இழுப்பது ஏன் சுகம் என்பது இதில் விளங்கும்.

இரவில் படுத்ததும் இடைத்தட்டு தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக எழுந்திருக்கிறோம். அதில் ஏறக்குறைய பாதி முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. ஊதிய தட்டு விறைப்பாக இருக்கும், குனிந்தால் நார்களுக்கு அதிக இழுப்பு. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களை விடிகாலையில் குனியாமல் இருக்கச் சொன்னபோது வலி குறைந்ததை ஸ்னூக் என்ற ஆய்வாளரின் குழு 1998-ல் காட்டியது. கனமான வேலையை எழுந்த ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினாலே பலன் உண்டு.

கடைசியில் சாக்குக்கு வருவோம். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆண் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை வரம்பாகப் பரிந்துரைத்தது. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோதான். அதை இருவர் தூக்கினால் ஆளுக்கு 20. எல்லாம் சரியாக அமைந்தால் தூக்கத்தக்க அந்த 23 கிலோவுக்குள்ளாவது அடங்கிவிடுகிறது. 80 கிலோ மணிலா மூட்டையில் ஆளுக்கு 40. சாக்கைப் பாதியாக்கினால் நடை இரட்டிப்பாகும் என்பது உண்மை. கூலி மூட்டைக் கணக்கில் இருப்பதால், மூட்டை சிறுக்கும்போது மூட்டைக்கான கூலியும் பாதியாகிவிடக் கூடாது. மாற்றம் வரும் அன்றே கமிட்டியும் வியாபாரிகளும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசி, நடைக்கும் ஓய்வுக்கும் சேர்த்து விலை வைக்க வேண்டும்.