மேசை விளையாட்டில் பார்ட் பாத்திரம்: விதியும் வாய்மொழியும்

ஆய்வுச்சுருக்கம்

'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்பு விளையாட்டில் இடம்பெறும் 'பார்ட்' என்ற பாடுநர் பாத்திரம் ஐரோப்பியப் பாடுநர் மரபுகளிலிருந்து உருவாக்கப்பட்டது. அப்பாத்திரத்தின் விதிகள் பாட்டின் விளைவை எண்ணாக மாற்றுகின்றன; பாட்டின் பொருளை ஆடுபவரிடமே விட்டுவிடுகின்றன. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள இடைவெளியை ஆடுபவர் எவ்வாறு நிரப்புகிறார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பார்ட், பாத்திரமேற்பு விளையாட்டு, ஐரிஷ் புலவர் மரபு, வசை, பரிசில், வாய்மொழி.

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியிடப்பட்டது. இதில் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் ஆட்ட நெறியாளராக இருந்து கதைக்களத்தை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதையும் பேசுவதையும் வாயால் சொல்வர். வெற்றி தோல்வி உறுதியற்ற இடங்களில் இருபது முகப் பகடை உருட்டப்படும். மேடையோ எழுதப்பட்ட உரையாடலோ இல்லை. கதை பேச்சின் வழியே அவ்வப்போது உருவாகிறது. இத்தகைய ஆட்டத்தில் பாட்டையே ஆற்றலாகக் கொண்ட பாத்திரம் 'பார்ட்' ஆகும்.

பாத்திரத்தின் தோற்றமும் மரபும்

1976 பிப்ரவரியில் 'தி ஸ்ட்ரேட்டஜிக் ரிவ்யூ' இதழில் டக் ஷ்வெக்மன் இப்பாத்திர வகையை முதலில் அறிமுகப்படுத்தினார். நார்ஸ் மரபின் ஸ்கால்டு, கெல்டிய மரபின் பார்ட், தென் ஐரோப்பிய மின்ஸ்ட்ரல் ஆகிய மூவரின் கலவையாக அவர் அதனை அமைத்தார். 1978ஆம் ஆண்டின் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' நூலில் இது பின்னிணைப்பாக இடம்பெற்றது. அவ்விதிப்படி ஒரு பாத்திரம் முதலில் போர்வீரனாகவும், பின்னர் திருடனாகவும் சில படிநிலைகளைக் கடந்த பிறகே, டுரூயிடுகளிடம் கற்றுப் பார்ட் ஆக முடியும்.

அந்நூலில் பார்டுகளின் கல்விநிலைகளுக்குச் சூட்டப்பட்ட ஃபோக்லுகன், டோஸ், க்ளி, ஒல்லாம் முதலிய பெயர்கள் கற்பனையானவை அல்ல. இடைக்கால அயர்லாந்தில் 'ஃபிலி' எனப்பட்ட கற்றறிந்த புலவர்க்கு இருந்த ஏழு தரநிலைகளின் பெயர்களிலிருந்து அவை பெறப்பட்டவை. ஆயின், அச்சமூகத்தில் ஃபிலியும் பார்டும் ஒருவரல்லர். பழைய ஐரிஷ் சட்ட நூல்களில் பார்ட் ஃபிலியினும் தாழ்ந்த தகுதியுடையவன். உயர்ந்தவனின் தரநிலைகளைத் தாழ்ந்தவனின் பெயரோடு இணைத்ததன் வாயிலாக விளையாட்டு ஒரு புதிய பாடுநரைப் படைத்துக்கொண்டது எனலாம்.

ஊக்கப் பகடை

1978ஆம் ஆண்டின் விதியிலேயே பார்டின் பாட்டு உடனிருப்போரின் தாக்குதல் வீச்சுக்கு 1 புள்ளியைக் கூட்டியது. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் இவ்வுதவியே பாத்திரத்தின் மையக்கூறாயிற்று. அப்பதிப்பின்படி, பார்ட் தன் குரல் கேட்கும் வகையில் 60 அடிக்குள் இருக்கும் ஒருவர்க்கு ஊக்கப் பகடை ஒன்றை வழங்கலாம். அது தொடக்கத்தில் அறுமுகப் பகடை. படிநிலை உயர உயரப் பன்னிருமுகப் பகடையாக வளரும். பெற்றவர் 10 நிமிடங்களுக்குள் அதனைத் தம் வீச்சோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்விதியில் இரண்டு கூறுகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, பார்ட் இப்பகடையைத் தனக்கே வழங்கிக்கொள்ள இயலாது. இரண்டாவது, பகடையை எப்போது பயன்படுத்துவது என்பதைப் பெற்றவரே முடிவு செய்கிறார். சான்றாக, தோழர் ஒருவரின் வீச்சு கூட்டுத்தொகையாக 14 பெறுகிறது எனக் கொள்வோம். அது வெற்றியா தோல்வியா என்பதை நெறியாளர் அறிவிக்கும் முன்னரே அவர் ஊக்கப் பகடையை எடுக்க வேண்டும். அதில் 4 விழுந்தால் கூட்டுத்தொகை 18 ஆகும். தேவைப்பட்ட எண் 17 எனில் பாட்டு அவரைக் காத்தது. 13 எனில் பாட்டு வீணாயிற்று. கொடுத்தவரின் கையைவிட்டு நீங்கிய பிறகு பாட்டின் பயன் கேட்டவரின் துணிவைச் சார்ந்தது என்னும் உண்மையை இவ்விதி உணர்த்துகிறது.

வசையும் பரிசிலும்

இதே பதிப்பில் பார்ட் கற்கக்கூடிய 'விசியஸ் மாக்கரி' என்னும் மந்திரம் வசைமொழியால் பகைவனைத் தாக்குகிறது. நான்முகப் பகடை காட்டும் அளவு தீங்கு விளைவதோடு, பகைவனின் அடுத்த தாக்குதலும் தளர்கிறது. இதற்கும் ஐரிஷ் மரபில் வேர் உண்டு. மன்னன் பிரெஸ் தன்னை முறையாக விருந்தோம்பாமையால் கார்ப்ரெ என்னும் புலவன் அவனை வசைபாடினான் என 'மாய் டுரா போர்' பற்றிய பழங்கதை கூறுகிறது. முறையின்றிப் பாடப்பட்ட வசைக்கு இழப்பீடு தரவேண்டும் என்று சட்ட நூல்களும் விதித்தன. ஆகவே, அங்கு வசை என்பது கொடுப்போர்க்கும் பாடுவோர்க்கும் இடையிலான உறவைக் காக்கும் கருவி. விளையாட்டில் அவ்வுறவு நீங்கி, வசை ஒரு போர்க்கருவியாக மட்டும் எஞ்சுகிறது.

தமிழாய்வாளர் இவ்விடத்தில் கருதவேண்டியது ஒன்றுண்டு. சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் வீரநிலைப் பாடல்களோடு ஒப்பிட்ட க. கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு ஆங்கில நூல் பாணரைப் 'பார்ட்' என்ற சொல்லாலேயே குறித்தது. அவ்வொப்பீட்டிற்கு அடிப்படை புரவலரைச் சார்ந்த பாடுநர் வாழ்வு. பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் ஓர் இலக்கிய வகையே தமிழில் தோன்றியது. விளையாட்டின் பார்டுக்குப் புரவலர் இன்றியமையாதவர் அல்லர்; பரிசில் அவனது ஆற்றலின் ஊற்றும் அன்று. ஆதலால் இப்பாத்திரத்தைப் 'பாணன்' என மொழிபெயர்ப்பது பொருத்தமாகத் தோன்றினும், பரிசில் வாழ்வை மறைத்துவிடும்.

ஆடுபவரின் பணி

பார்டாக ஆடுபவர் பாடத் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. வாள்வீசத் தெரியாதவர் வீரனாக ஆடுவது போன்றதே இதுவும். "ஊக்கம் தருகிறேன்" என்று கூறிப் பகடையைக் கொடுத்தாலே விதி நிறைவேறிவிடும். சிறந்த பாட்டுக்கும் வெற்றுச் சொல்லுக்கும் ஒரே பகடைதான். கவர்ச்சித்திறன் மிக்க பார்டை எவரையும் காதல்மொழியால் மயக்க முயலும் நகைப்புப் பாத்திரமாகச் சுருக்கும் வழக்கம் ஆடுவோரிடையே பரவியிருப்பதற்கு, விதி பொருளைக் கேட்காமல் எண்ணை மட்டும் கேட்பதும் ஒரு காரணமாகலாம்.

இக்குறையை நிரப்புவது நினைவு. முந்தைய அமர்வில் அஞ்சி ஓடிய தோழன் இன்று வாயிலில் நின்று காக்கிறான் எனில், அவ்வோட்டத்தையும் இந்நிலையையும் இணைத்து இரண்டு வாக்கியங்களில் சொல்லும் பார்டின் ஊக்கம் அவனுக்கு மட்டுமே உரியதாகிறது. அதனைச் சொல்வதற்கு, பிறர் பாத்திரங்களின் செயல்களை அவர் பல அமர்வுகளாகக் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். வீரச்செயலைக் கண்டு, நினைவிற்கொண்டு, செய்தவன் கேட்கப் பாடுதல் என்னும் தொன்மையான பணி இவ்வாறு மேசையில் மீண்டும் நிகழ்கிறது.

முடிவுரை

விளையாட்டின் பார்ட் பல மரபுகளின் பெயர்களையும் உறுப்புகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தாங்கிய கொடையுறவை விட்டுவிட்ட பாத்திரம். எனினும் தனக்கென வைத்துக்கொள்ள இயலாத பகடை என்னும் விதியின் வழியாக, பாட்டு கேட்போர்க்கு உரியது என்ற கொள்கை அதில் நிலைபெற்றுள்ளது. பாட்டின் விளைவை எண்ணால் அளக்கலாம். அதன் பொருளைக் கேட்டறிந்த ஒருவரே தரமுடியும். எழுத்தின்றி வாய்மொழியாக உருவாகி, அமர்வு முடிந்ததும் மறையும் இத்தகைய பாடல்களை வாய்மொழி வழக்காற்று ஆய்வின் எல்லைக்குள் கொண்டுவருவது பயனுடையதாகும்.