சவுண்ட் பாரில் பின்னால் சத்தம் வரவில்லையா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்!

பழுது பெரும்பாலும் ஒயரிலும் "செட்டிங்"கிலும்தான். பைசா செலவில்லாமல் சரி செய்யலாம்

சென்னை.

போனஸ் பணத்தில் சவுண்ட் பார் வாங்கியாகிவிட்டது. டி.வி.க்குக் கீழே நீளப் பெட்டி, மூலையில் "பூம் பூம்" பெட்டி, நாற்காலிக்குப் பின்னால் இரண்டு குட்டி ஸ்பீக்கர். குடும்பமே படம் பார்க்க உட்காருகிறது.

ஆனால் சத்தம் எல்லாம் முன்னால் இருந்தே வருகிறது. பின்னால் உள்ள இரண்டும் ஊமை!

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கோ, பேட்டை மெக்கானிக்கிடமோ ஓட்டம். அங்கே போட்டுப் பார்த்தால் பெட்டி ஜோராகப் பாடுகிறது. ஆட்டோ செலவுதான் மிச்சம்.

அப்படியானால் சத்தம் எங்கே தொலைகிறது?

ஐந்து கை மாறும் சத்தம்

படம், ஓ.டி.டி. ஆப், டி.வி., ஒயர், சவுண்ட் பார் ஆகிய ஐந்து கை மாறித்தான் சத்தம் காதுக்கு வருகிறது. இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று "என்னால் இரண்டு வழிச் சத்தம்தான் முடியும்" என்று கையை விரித்துவிட்டால் போதும். அதற்கு அப்புறம் எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் உண்மையான சரவுண்ட் கிடைக்காது.

எனவே ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

அட்டையில் உள்ள எண்

முதலில் பெட்டி வந்த அட்டையைப் பார்க்க வேண்டும். 2.1 என்று இருந்தால் இடது, வலது என இரண்டு வழி. புள்ளிக்குப் பின்னால் உள்ள 1, அடிச்சத்தம் தரும் சப்-ஊபர். 3.1 என்றால் வசனத்துக்கு நடுவில் தனி வழி. 5.1 என்றால்தான் பின்பக்கத்துக்கும் இரண்டு வழி உண்டு. 5.1.2 என்றால் மேலே பார்த்துச் சத்தம் அனுப்பும் ஸ்பீக்கர் இரண்டு கூடுதல்.

2.1 பெட்டியில் "சரவுண்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கலாம். அது சத்தத்தைப் பரப்பிக் காட்டும் வித்தையே தவிர, பின்னால் ஸ்பீக்கர் முளைத்துவிடாது. வாட் எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. வாட் கூடினால் சத்தம் கூடும், வழி கூடாது.

படத்திலேயே இல்லாவிட்டால்?

பெட்டி 5.1 தான் என்றால், அடுத்து படத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காலக் கறுப்பு-வெள்ளைப் படங்கள் ஒரே வழியில் பதிவானவை. அதில் பின்னால் சத்தம் தேடுவது வீண். செட்-டாப் பாக்சில் வரும் சேனல்கள் பலவும் இரண்டு வழிதான்.

ஓ.டி.டி. படங்களில் ஆடியோ பட்டியலைத் திறந்தால், மொழிக்குப் பக்கத்தில் 5.1 என்றோ, அட்மாஸ் என்றோ போட்டிருக்கும். சில படங்களில் மூல மொழிக்கு 5.1 இருக்கும், "டப்பிங்" மொழிக்கு இருக்காது. நெட்பிளிக்சில் அட்மாஸ் வேண்டுமானால் பிரீமியம் சந்தா கட்டியிருக்க வேண்டும். "டேட்டா மிச்சம்" என்று தரத்தைக் குறைத்து வைத்திருந்தால் 5.1 கூட வராது.

புளுடூத் வசதி, சத்தத்துக்கு அசதி

படத்தில் 5.1 இருந்தும் பின்பக்கம் ஊமை என்றால், சந்தேகம் ஒயர் மேல் விழவேண்டும்.

ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு டி.வி.யையும் பாரையும் புளுடூத்தில் சேர்த்துவிடுகிறவர்கள் அநேகம். பாட்டுக் கேட்க அது போதும். ஆனால் புளுடூத்தில் போவது இரண்டு வழிச் சத்தமே.

அடுத்தது ஆப்டிக்கல் ஒயர். ஜப்பானின் தோஷிபா கம்பெனி 1983-ல் கொண்டுவந்தது. பழைய டால்பி டிஜிட்டல் 5.1 இதில் போகும். ஓ.டி.டி.யில் இப்போது அதிகம் புழங்கும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. பல டி.வி.கள் அதைப் பழைய முறைக்கு மாற்றி அனுப்பிச் சமாளிக்கின்றன. அட்மாசுக்கு இந்த ஒயர் உதவாது.

சரியான வழி எச்.டி.எம்.ஐ. கேபிள். அதிலும் டி.வி.யின் முதுகில் உள்ள எல்லா சாக்கெட்டும் ஒன்றல்ல. ஏ.ஆர்.சி. அல்லது ஈ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய ஒன்றில்தான் டி.வி.யில் இருந்து சத்தம் வெளியே வரும். பாரிலும் அதே எழுத்து உள்ள சாக்கெட்டில்தான் மறுமுனையைச் செருகவேண்டும். ஒரு சாக்கெட் தள்ளிச் செருகினால், பாருக்குச் சத்தமே போகாது.

ஏ.ஆர்.சி. முறை 2009-ல் வந்தது. அதிகச் சத்தச் சரக்கு தாங்கும் ஈ.ஏ.ஆர்.சி. 2017-ல் அறிவிக்கப்பட்டது. ஓ.டி.டி. படத்துக்குப் பழைய ஏ.ஆர்.சி.யே பெரும்பாலும் போதும். விலை கூடிய கேபிள் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

"பி.சி.எம்." என்ற வில்லன்

ஒயர் சரி, ஆனாலும் பின்பக்கம் பேசவில்லையா? டி.வி.யின் சவுண்ட் செட்டிங்கில் "டிஜிட்டல் அவுட்புட்" என்று இருக்கும். அது "பி.சி.எம்." என்று இருந்தால், ஐந்து வழிச் சத்தத்தை டி.வி.யே இரண்டாகச் சுருக்கி அனுப்பும். "ஆட்டோ" அல்லது "பாஸ்-த்ரூ" என்று மாற்றினால் வேலை முடிந்தது. டி.வி.யில் ஸ்டிக் செருகிப் பார்க்கிறவர்கள், ஸ்டிக்கின் செட்டிங்கிலும் இதையே பார்க்கவேண்டும்.

டி.வி.யும் பாரும் பேசிக்கொள்ளும் வசதியும் "ஆன்" ஆகியிருக்க வேண்டும். இதற்குச் சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர்.

எல்லாம் சரியாக இருந்தும் முரண்டு பிடித்தால், இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிஷம் கழித்துச் செருகவேண்டும். ரிமோட்டில் அணைப்பது போதாது.

ஸ்பீக்கர் உட்காரும் இடம்

ஒயர் எட்டவில்லை என்று பின் ஸ்பீக்கர்களை டி.வி.க்கு இரு பக்கமும் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்புறம் பின்னால் எப்படிச் சத்தம் வரும்? அவை உட்காருகிறவரின் இரு பக்கமும், சற்றுப் பின்னால் இருக்கவேண்டும். ஒயர் இல்லாத ஸ்பீக்கரில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், அது இன்னும் பாருடன் ஜோடி சேரவில்லை என்று அர்த்தம்.

அட்மாஸ் தியேட்டரில் 64 ஸ்பீக்கர் வழி வரை உண்டு. ரஜினிகாந்த் நடித்த "சிவாஜி" 2012-ல் முப்பரிமாணப் படமாக மறுபடி வந்தபோது அட்மாஸ் ஒலியுடன் வந்தது. வீட்டுப் பாரில் மேல்நோக்கிய ஸ்பீக்கரின் சத்தம் கூரையில் மோதித் திரும்பவேண்டும். தட்டையான கான்கிரீட் கூரை என்றால் சரி. சரிவான ஓட்டுக் கூரை வீட்டில் அந்தப் பணம் தண்டம்.

உதடு அசைந்த பிறகு வசனம் வருகிறதா? டி.வி. ஒலியில் "ஏ.வி. சிங்க்" என்பதைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்யலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் பின் ஸ்பீக்கர் வாய் திறக்காவிட்டால், அப்போதுதான் பெட்டியில் பழுது. வாரண்டி அட்டையை எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

பில்லில் 5.1 என்று எழுதி 2.1 பெட்டியைத் தலையில் கட்டியிருந்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். அதற்கு பில் கையில் இருக்கவேண்டும். "பில் இல்லாமப் போட்டா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சில் மயங்கியவர்களுக்கு, சத்தமும் இல்லை, சாட்சியும் இல்லை!