மரபுக் கிராமத்தில் சுற்றுலா: பாதிப்பை முன்கூட்டியே மதிப்பிடுதல்

சுற்றுலாவைப் புகையில்லாத் தொழில் என்று கூறுவதுண்டு. உலைகளும் பெரிய இயந்திரங்களும் இல்லாமலே அது வேலைவாய்ப்பையும் அந்நியச் செலாவணியையும் ஈட்டித் தருவதால் இக்கருத்து நிலைபெற்றுள்ளது. ஆயினும், சுற்றுலாவும் நீரையும் நிலத்தையும் பயன்படுத்திக் கழிவை வெளியேற்றும் ஒரு தொழிலே ஆகும். பெரிய நகரத்தில் இச்சுமை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. பழஞ்சின்னங்களைத் தன்னகத்தே கொண்ட ஒரு சிற்றூர் சுற்றுலாத் தலமாக மாறும்பொழுது அது தெளிவாகத் தெரிகிறது. இத்தகைய ஊர்களில் சுற்றுச்சூழல் பாதிப்பை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதற்குக் கர்நாடக மாநிலத்தின் ஹம்பி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வாழும் மரபு

துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள ஹம்பி, 1336-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட விஜயநகரப் பேரரசின் தலைநகராகத் திகழ்ந்தது. 1565-ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர் அந்நகரம் அழிவுற்றது. 1986-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் ஹம்பி வெறும் இடிபாடுகளின் தொகுதி அன்று. விரூபாட்சர் ஆலயத்தில் வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. விஜயநகர காலத்தில் வெட்டப்பட்ட துர்த்தா கால்வாய் இன்றும் நெல்லுக்கும் வாழைக்கும் நீர் தருகிறது. அருகிலுள்ள தரோஜி சரணாலயம் கரடிகளுக்குப் புகலிடமாக உள்ளது. துங்கபத்திரை ஆற்றின் 34 கிலோமீட்டர் நீளப் பகுதி, 2015-ஆம் ஆண்டில் நீர்நாய்களுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோயில், வயல், கால்வாய், ஆறு, பாறைக் குன்று ஆகிய யாவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆகவே, இவற்றுள் ஒன்றை மட்டும் தனித்து நோக்கும் மதிப்பீடு முழுமையானதாக இராது.

கடந்த கால அனுபவம்

ஹம்பியின் அண்மைக்கால வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகள் ஆராய்தற்குரியவை.

முதலாவது, பாலங்கள் பற்றியது. மரபுப் பகுதிக்குள் ஆற்றின் குறுக்கே இரு தொங்கு பாலங்கள் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டதனால், 1999-ஆம் ஆண்டில் ஹம்பி, ஆபத்திலுள்ள உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2006-ஆம் ஆண்டிலேயே அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனெகுந்தியை இணைக்கவிருந்த பாலம், 2009-ஆம் ஆண்டு ஜனவரியில், கட்டுமானப் பணி நடைபெறும்பொழுதே இடிந்து விழுந்து, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அக்கரையிலிருந்த கிராம மக்களுக்குப் பாலம் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. அது எவ்விடத்தில் அமைய வேண்டும் என்பதே எழுப்பப்பட்டிருக்க வேண்டிய வினா. மாற்று இடங்களைத் தொடக்கத்திலேயே ஒப்புநோக்கியிருந்தால் பல ஆண்டுக் காலமும் பெரும் பொருட்செலவும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, விரூபாட்சர் ஆலயத்தின் முன்னுள்ள ஹம்பிக் கடைவீதி பற்றியது. பழைய கல் மண்டபங்களில் நெடுங்காலமாகப் பல குடும்பங்கள் கடை வைத்தும் குடியிருந்தும் வந்தன. பயணிகளின் வருகை பெருகப் பெருகக் கட்டுமானங்களும் பெருகின. 2011-ஆம் ஆண்டு ஜூலையில் அவை இடித்து அகற்றப்பட்டன.

மூன்றாவது, ஆற்றின் மறுபுறத்தில் தீவு போன்று அமைந்துள்ள விரூபாபுர கட்டெ பற்றியது. விளைநிலங்களாக இருந்த இப்பகுதியில் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் அனுமதியின்றித் தோன்றின. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் துங்கபத்திரை அணையிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டபொழுது, அங்குச் சிக்கிய பயணிகளைப் படகுகளின் மூலமும் ஹெலிகாப்டர் மூலமும் மீட்க வேண்டியதாயிற்று. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இக்கட்டடங்களை அகற்றும் ஆணையை உறுதி செய்தது. அடுத்த மாதமே அவை இடிக்கப்பட்டன.

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. பாதிப்பு பற்றிய ஆராய்ச்சி, முதலீடும் பிழைப்பும் வேரூன்றிய பின்னரே முழு அளவில் எழுந்தது. அந்நிலையில் மரபைக் காக்க வேண்டுமெனில் மக்களின் பிழைப்பைப் பறிக்க வேண்டியிருக்கிறது. பிழைப்பைக் காக்க வேண்டுமெனில் மரபை இழக்க வேண்டியிருக்கிறது.

அளவுகோலின் குறைபாடு

நமது நாட்டில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு, 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1994-ஆம் ஆண்டில் முதன்முறையாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கட்டடத் திட்டங்களுக்கு 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பு என்பதே முன் அனுமதி பெறுவதற்கான தொடக்க வரம்பாக வகுக்கப்பட்டது. மற்றொரு புறம், நினைவுச் சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடை செய்கிறது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்துகிறது. முன்னது கட்டடத்தின் பருமனை அளக்கிறது; பின்னது சின்னத்திலிருந்து உள்ள தூரத்தை அளக்கிறது. கிராமத்தின் நீரையும் நிலத்தையும் மொத்தமாக அளப்பது இவ்விரண்டின் நோக்கமன்று.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். ஒரு கிராமத்தில் 300 சதுர மீட்டர் பரப்புள்ள 40 சிறு விடுதிகள் எழுவதாகக் கொள்வோம். மொத்தப் பரப்பு 12,000 சதுர மீட்டர். அனைத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் வரம்பைத் தொடாது. ஒவ்வொரு விடுதியிலும் 20 பேர் தங்கினால் பயணிகளின் எண்ணிக்கை 800 ஆகும். விடுதிகளுக்கென இந்தியத் தர நிர்ணயத்தில் கூறப்பட்டுள்ளவாறு ஒருவருக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று கணக்கிட்டால், 1,44,000 லிட்டர் நீர் தேவைப்படும். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் கிராமவாசி ஒருவருக்கு வகுத்துள்ள அளவு 55 லிட்டர். அதாவது, 800 பயணிகளின் நீர்த்தேவை, ஏறத்தாழ 2,600 கிராம மக்களின் தேவைக்கு ஈடாகிறது. அந்நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்புகிறது. கிராமத்தில் பாதாளச் சாக்கடை இல்லையெனில் அது மண்ணிலும் கால்வாயிலும் ஆற்றிலுமே சென்று சேரும். சிறியவை பல சேர்ந்து விளைவிக்கும் இத்தகைய திரண்ட பாதிப்பே மரபுக் கிராமங்களின் முதன்மையான பிரச்சினையாகும்.

மதிப்பிடும் முறை

எனவே, மதிப்பீட்டின் அலகு தனிக் கட்டடமாக இல்லாமல் முழுக் கிராமமாக, அதன் நீர்ப்பிடிப்பு நிலத்துடன் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஹம்பிக்கென 2002-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மரபுப் பகுதி முழுவதற்கும் ஒரே மேலாண்மை ஆணையத்தை ஏற்படுத்தியது இத்திசையில் ஒரு முன்னேற்றமாகும்.

முதற்கண், தற்போதைய நிலையைப் பதிவு செய்தல் வேண்டும். நிலத்தடி நீர்மட்டம், ஆற்று நீரின் தூய்மை, குப்பையின் அளவு, போக்குவரத்து, நிலப்பயன்பாடு ஆகியன ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் அளக்கப்பட வேண்டும். பயணிகளின் வருகை குளிர்காலத்திலும் திருவிழா நாட்களிலும் குவிவதால் ஆண்டுச் சராசரி உண்மை நிலையைக் காட்டாது.

அடுத்து, கிராமத்தின் தாங்குதிறனைக் கணித்தல் வேண்டும். தங்கும் அறைகள் ஆயிரம் பேருக்குப் போதுமானவையாக இருக்கலாம். குடிநீர் நானூறு பேருக்கே போதுமானதாக இருக்கலாம். அவ்வாறாயின் நானூறே அக்கிராமத்தின் தாங்குதிறனாகும். எந்த வளம் மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே எல்லையை வகுக்கிறது.

மூன்றாவதாக, மாற்று வழிகளை ஒப்பிடுதல் வேண்டும். வாகன நிறுத்துமிடத்தையும் பெரிய விடுதிகளையும் ஹொசபேட்டை போன்ற அருகிலுள்ள நகரத்திலேயே அமைத்துக் கிராமத்தின் சுமையைக் குறைக்க இயலுமா என்பது ஆராயப்பட வேண்டும். விட்டலர் ஆலயத்திற்குச் செல்லும் வழியில் மின்கலத்தால் இயங்கும் வண்டிகள் பயன்படுத்தப்படுவது, புகையையும் அதிர்வையும் குறைக்கும் எளிய ஏற்பாட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு.

நான்காவதாக, கிராம மக்களின் கருத்தைத் திட்டம் உருவாகும் நிலையிலேயே அறிதல் வேண்டும். கோடையில் எந்தக் கிணறு வற்றும், வெள்ளம் எதுவரை ஏறும், மேய்ச்சல் நிலம் எது என்பனவற்றை அவர்களே நன்கறிவர். இறுதியாக, திட்டம் நிறைவேறிய பின்னரும் ஆண்டுதோறும் அளவீடுகளைத் தொடர்ந்து, அவற்றைக் கிராம சபையின் முன் வைத்தல் நலம்.

பயனும் சுமையும்

பொருளாதார நோக்கில் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். சுற்றுலாவின் வருமானம் பெரும்பாலும் விடுதி உரிமையாளருக்கும் போக்குவரத்து நிறுவனத்திற்கும் சேருகிறது. வற்றிய கிணறும் தேங்கிய குப்பையும் ஊருக்கு எஞ்சுகின்றன. நுழைவுக் கட்டணத்திலும் விடுதி வரியிலும் ஒரு பங்கு ஊராட்சியின் நீர், துப்புரவுப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டால் இவ்வேற்றத்தாழ்வு ஓரளவு குறையும். ஆனெகுந்தியில் வளர்ந்துள்ள வாழைநார்க் கைவினை போன்ற தொழில்கள், புதிய கட்டடம் எதனையும் வேண்டாமலே உள்ளூர் மக்களுக்கு வருவாய் அளிக்கின்றன என்பதும் நோக்கத்தக்கது.

மதிப்பீடு என்பது வளர்ச்சிக்கு இடப்படும் தடை அன்று. எத்தனை பேர் வரலாம், எங்குத் தங்கலாம், எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை முதற்கல் நாட்டுவதற்கு முன்பே கூறிவிட்டால், சிறு வியாபாரி தன் சேமிப்பைத் துணிந்து முதலீடு செய்ய இயலும். நாளை அது இடிக்கப்படுமோ என்ற அச்சம் அவருக்கு இராது. ஹம்பியில் பெருவிலை கொடுத்துப் பெற்ற இப்பாடம், சுற்றுலா வரைபடத்தில் இனி இடம்பெறவிருக்கும் பிற மரபுக் கிராமங்களுக்கேனும் உரிய காலத்தில் பயன்பட வேண்டும்.